ரெண்டு பக்கமும் கொக்கி

பர்கூர்க்காரன் என்று சொன்னால் பெங்களூரு ஆபீஸில் பாதிப் பேர், “ஓ, அந்த மலை மாடு ஊரா?” என்பார்கள். அது ஈரோடு மாவட்டத்து பர்கூர். எங்களுடையது கிருஷ்ணகிரி மாவட்டம். மலை மாடு கிடையாது. ஜவுளிக் கடைகள் உண்டு, கிரானைட் லாரிகள் உண்டு, சீசனில் மாங்கூழ் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் உண்டு. 1991ல் ஜெயலலிதா நின்று ஜெயித்த, 1996ல் நின்று தோற்ற தொகுதி என்றால் எங்கள் அப்பா தலைமுறைக்கு உடனே புரியும். என் தலைமுறைக்கு அரசு பொறியியல் கல்லூரி இருக்கிற ஊர். நான் படித்ததும் அங்கேதான், கம்ப்யூட்டர் சயின்ஸ்.

ஊரில் துணி மொத்தமாக வந்து இறங்குவதால் அதை நம்பி நிறைய வீட்டு வேலைகள் உண்டு. ஓரம் அடிப்பது, புடவைக்குக் குஞ்சம் கட்டுவது, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பது. என் மாமியார் செய்வது இந்த மூன்றாவது. தையல்காரர்கள் தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைக் கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். வலது முன்பக்கத்தில் கொக்கி, இடது முன்பக்கத்தில் நூலால் வளையம். ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு அல்லது ஏழு. டிவி ஓடிக்கொண்டிருக்கும், பார்வை அதில் இருக்கும், கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். நாற்பது வருஷப் பழக்கம்.

மாமியார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதே ஒரு பெரிய கணக்கு. அவர் என் பெரியம்மாவின் மகள். அதனால் சின்ன வயசில் எனக்கு அக்கா. அந்த அக்காவைக் கட்டிக்கொண்டவர் என் அம்மாவின் தம்பி, அதாவது அக்காவுக்கே தாய்மாமன். அப்படிப் பார்த்தால் அத்தை. அவர்களுடைய மகளைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் எனக்கு மாமன் மகளும் ஆவாள், அக்கா மகளும் ஆவாள். ரெண்டு வழியிலும் முறைதான் என்று ஊரே சந்தோஷப்பட்டது. கல்யாணத்தன்று காலை வரை “அக்கா” என்று கூப்பிட்டவன் மாலையில் “அத்தை” என்று கூப்பிட்டேன். அவர் அன்றும் இன்றும் என்னைத் “தம்பி” என்றுதான் கூப்பிடுகிறார்.

வீட்டுச் சுவரில் ஒரு ஸ்டூடியோ போட்டோ இருந்தது. மூன்று, மூன்றரை வயசுப் பையன். பிளாஸ்டிக் பூ வைத்த ஸ்டூல் மேல் உட்கார்ந்திருப்பான். நெற்றி கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும், கன்ன எலும்பு தூக்கலாக இருக்கும், சட்டைக்குள் வயிறு உப்பியிருக்கும். என் மனைவியின் அண்ணன். 1984ல் பிறந்து 1988ல் போய்விட்டான். அப்போது எனக்கு ஒரு வயசு. “ரத்தம் ஊறாத பிள்ளை” என்று சொல்வார்கள், அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். பேசியவர் ஒரே ஆள், எங்கள் பாட்டி. அத்தைக்கு மாமியாரும் அவர்தான், அம்மாவைப் பெற்ற பாட்டியும் அவர்தான். சொந்தப் பேத்தி என்ற இரக்கம் எல்லாம் இல்லை. மாசமாக இருந்தபோது அடுப்பு மண்ணைப் பெயர்த்துத் தின்றாளாம் அத்தை. “இவ மண்ணத் தின்னா. மண்ணு ரத்தத்த குடிச்சிருச்சு.” சாகும் வரை பாட்டி இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை ஒரு நாளும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. மண் தின்றது உண்மைதானே, என்ன சொல்லி மறுப்பது.

2018ல் என் மனைவிக்கு எட்டாவது வாரம். ஓசூரில் முதல் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 10.1. டாக்டரம்மா வழக்கம்போல் இரும்புச்சத்து மாத்திரை எழுதப் போனவர், பேனாவை நிறுத்திவிட்டு ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார். சிவப்பணுவின் சராசரி அளவு 64. எண்பதுக்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் சிவப்பணு எண்ணிக்கை 54 லட்சம். குறையவே இல்லை. “64ஐ 5.4ஆல வகுங்க” என்றார் என்னிடம். போனை எடுத்து வகுத்தேன். 11.85. “பதிமூணுக்குக் கீழ வந்தா நான் ஒருவாட்டி யோசிப்பேன்” என்றார். பிறகு, “நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?” என்று கேட்டார்.

இரும்பு போதாமல் வருகிற சோகையில் அணுக்களும் சின்னதாகும், எண்ணிக்கையும் குறையும். அணு சின்னதாக இருந்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் தொழிற்சாலையில் சரக்கு இருக்கிறது, அச்சில்தான் கோளாறு. அடுத்த பரிசோதனையில் இருவருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை ஐந்து சதவீதத்துக்கு மேல். மூன்றரைக்குள் இருக்க வேண்டியது. இருவரும் பீட்டா தலசீமியா கேரியர்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

அன்று ராத்திரி தலசீமியா பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மருத்துவப் பக்கத்தில் குழந்தை ஒன்றின் படம் வந்தது. முன் தள்ளிய நெற்றி, தூக்கலான கன்ன எலும்பு, உப்பிய வயிறு. எங்கோ வெளிநாட்டுக் குழந்தை. ஆனால் எனக்கு அந்த பிளாஸ்டிக் பூ ஸ்டூல் ஞாபகம் வந்தது. ரத்தம் போதாமல் எலும்பு மஜ்ஜை விரிந்து விரிந்து வேலை செய்வதால் முக எலும்பே மாறிப்போகும் என்று கீழே போட்டிருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டேன். மனைவி தூங்கவில்லை என்று தெரியும். அவளும் எதையோ போனில் படித்துக்கொண்டிருந்தாள், என்ன என்று நான் கேட்கவில்லை.

அடுத்து டி.என்.ஏ. பரிசோதனை. ஒரு வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் இருவருக்கும் ஒரே வரி: பீட்டா குளோபின் மரபணு, முதல் இன்ட்ரான், ஐந்தாவது இடம், ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிக அதிகமாகக் காரணமாக இருக்கும் பிழை இதுதானாம். எங்களுக்கு அது ரெண்டு தனித்தனிப் பிழைகளாக வரவில்லை. தாத்தாவோ பாட்டியோ, யாரோ ஒருவரிடம் இருந்த ஒரே துண்டு அம்மா வழியாக எனக்கும், மாமா வழியாகவோ பெரியம்மா, அத்தை வழியாகவோ என் மனைவிக்கும் வந்திருக்கிறது. ரெண்டு வழியிலும் முறை என்றார்களே, அதே ரெண்டு வழி.

ஜி, சி. எனக்கு எழுத்துகளோடுதான் பிழைப்பு. ஒரு ஸ்ட்ரிங்கில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று தெரியும்: ஒன்றும் ஆகாது, அல்லது எல்லாம் கவிழும். ஆனால் இங்கே எழுத்து என்று எதுவும் இல்லை என்பது அந்த வாரம்தான் உறைத்தது. ஜி என்பது நாம் வைத்த பெயர். அங்கே இருப்பது குவானைன் என்ற ஒரு பொருள். சி என்பது சைட்டோசின். ஒன்றில் ஐந்து கார்பன், ஐந்து ஹைட்ரஜன், ஐந்து நைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இன்னொன்றில் நாலு கார்பன், ஐந்து ஹைட்ரஜன், மூன்று நைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். கழித்துப் பார்த்தால் ஒரு கார்பன், ரெண்டு நைட்ரஜன். மூன்று அணு. மூன்று அணுவுக்கா ஒரு பையன் நாலு வயசில் போனான்?

பன்னிரண்டாம் வகுப்பில் கரிம வேதியியல் படித்தவன்தான் நான். வினைசெயல் தொகுதிகள் என்று ஒரு பட்டியல்: ஹைட்ராக்சில், கார்பனைல், அமினோ, கார்பாக்சிலிக். எந்தத் தொகுதிக்கு எந்தச் சோதனை, டாலன்ஸ் கரணி போட்டால் வெள்ளி ஆடி வருமா வராதா. இருநூற்றுக்கு நூற்றெண்பத்தாறு வாங்கினேன். காலேஜ் முதல் வருஷத்தில் இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி என்று நீரின் கடினத்தன்மையை அளந்தோம் (எங்கள் ஊர் போர்த் தண்ணிக்கு அது தேவையான படிப்பு), அதோடு வேதியியலுக்கும் எனக்கும் உறவு முடிந்தது. இப்போது, முப்பத்தொரு வயசில், ஒரு டி.என்.ஏ. படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பழைய பட்டியலைத் தேடினேன். எல்லாம் அங்கே இருந்தன.

முதுகெலும்பு மாதிரி ஓடுவது சர்க்கரையும் பாஸ்பேட்டும். ஒரு சர்க்கரையின் மூன்றாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலும் அடுத்த சர்க்கரையின் ஐந்தாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலும் நடுவில் ஒரு பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. இரட்டை எஸ்டர். பாஸ்பேட்டில் எதிர்மின் சுமை இருப்பதால் தண்ணீர் அதை எளிதில் தாக்கி உடைக்க முடியாது. சர்க்கரையின் இரண்டாவது கார்பனில் இருக்க வேண்டிய ஹைட்ராக்சில் இங்கே இல்லை, டிஆக்சி என்ற பெயரே அதனால்தான். ஆர்.என்.ஏ.வில் அது இருக்கிறது, இருப்பதால் அது பக்கத்து பாஸ்பேட்டைத் தானே தாக்கி இழையை அறுத்துவிடும். ஆர்.என்.ஏ. சீக்கிரம் உதிர்வதற்கும் டி.என்.ஏ. பழைய எலும்புகளில் ஆயிரக்கணக்கான வருஷம் தாங்குவதற்கும் இந்த ஓர் ஆக்சிஜன் பெரிய காரணம்.

உள்பக்கம்தான் கொக்கிகள். இந்தச் சொல் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, அத்தையின் மடியிலிருந்து வந்தது. அமினோ தொகுதியில் நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் நீட்டிக்கொண்டிருக்கிறது, அது கொக்கி. கார்பனைல் தொகுதியின் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறது, அது வளையம். ஹைட்ரஜன் இல்லாத வளைய நைட்ரஜனும் வாங்கும். குவானைனின் ஓரத்தில் மேலிருந்து கீழாக: வளையம், கொக்கி, கொக்கி. சைட்டோசினில்: கொக்கி, வளையம், வளையம். எதிரெதிரே வைத்தால் மூன்றும் மாட்டும். அடினினில் கொக்கி, வளையம். தைமினில் வளையம், கொக்கி. ரெண்டு மாட்டும். தனியாக ஒரு மாட்டல் பலமே இல்லாதது, சாதாரண சூட்டிலேயே விட்டுவிட்டுப் பிடிக்கும். வரிசையாக ஆயிரம் இருக்கும்போதுதான் பலம். ஆறு கொக்கி வைத்த ஜாக்கெட்டும் அப்படித்தான்.

கொக்கியும் வளையமும் எங்கே இருக்கின்றன என்பதே கொஞ்ச காலம் உலகத்துக்குத் தப்பாகத் தெரிந்திருந்தது. 1953 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் வாட்சன் இந்த காரங்களை ஜோடி சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குவானைன், தைமின் ஆகியவற்றை அன்றைய புத்தகம் ஈனால் வடிவத்தில் வரைந்திருந்தது. அதாவது ஹைட்ரஜன் ஆக்சிஜன் மேல் உட்கார்ந்திருக்கும் வடிவம். அவர் அதை நம்பி, ஏ எதிரே ஏ, ஜி எதிரே ஜி என்று ஒரு அமைப்பைச் செய்து சந்தோஷமாக இருந்தார். அதே அறையில் ஜெர்ரி டோனஹ்யூ என்ற அமெரிக்கப் படிகவியலாளர் இருந்தார். புத்தகம் தப்பு, ஹைட்ரஜன் நைட்ரஜன் மேல்தான் இருக்கும், ஆக்சிஜன் வெறும் கார்பனைலாக, கீட்டோ வடிவத்தில் இருக்கும் என்றார். வாட்சன் அட்டையை வெட்டி மறுபடி வைத்துப் பார்த்தார். பிப்ரவரி 28 காலையில் ஜோடிகள் பொருந்தின. ஏப்ரல் 25ல் நேச்சரில் கட்டுரை. அந்தப் பெயர்ப் பட்டியலில் டோனஹ்யூவை யாருக்கும் ஞாபகம் இருக்காது. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கோட் ரிவ்யூவில் ஒற்றை வரி கமென்ட் போட்டு முழு ரிலீஸையும் காப்பாற்றுகிறவனுக்கு எங்கள் கம்பெனியிலும் அதுதான் கிடைக்கும். (வாட்சன், கிரிக் ஜி-சி ஜோடிக்கு ரெண்டு மாட்டல்தான் போட்டிருந்தார்கள். மூன்றாவது உண்டு என்று காட்டியது பாலிங்கும் கோரியும், 1956ல்.)

அட்டையில் பொருந்தியதை அணு அணுவாகப் பார்க்க இன்னும் காலம் பிடித்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.ஏ.விசுவமித்ரா, கேம்பிரிட்ஜில் ஓல்கா கென்னார்டு குழுவோடு சேர்ந்து நாலே எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டின் படிகத்தை ஆராய்ந்து, அதில் ஏ-டி ஜோடி மாட்டியிருப்பதை அணுவளவுத் துல்லியத்தில் 1978ல் வெளியிட்டார். அந்தக் கழகத்தின் வாசலை நூறு தடவையாவது பஸ்ஸில் கடந்திருப்பேன்.

சரி, எங்கள் ஐந்தாவது இடம். பீட்டா குளோபின் மரபணுவில் தேவையான பகுதி மூன்று, நடுவில் வெட்டி எறிய வேண்டிய பகுதி, இன்ட்ரான், ரெண்டு. மரபணு முதலில் அப்படியே ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கப்படும், பிறகு இன்ட்ரான்கள் வெட்டப்படும். கோடில் கமென்ட்டை நீக்கிவிட்டு கம்பைல் செய்வது மாதிரி. கமென்ட் எங்கே ஆரம்பிக்கிறது என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்? ஒரு அடையாளம் வேண்டும். செல்லில் யு1 என்ற சின்ன ஆர்.என்.ஏ. ஒன்று வந்து இன்ட்ரானின் ஆரம்பத்தில் மாட்டிப் பார்க்கும். மாட்டினால், “இங்கே வெட்டு.” படிப்பதில்லை, மாட்டிப் பார்க்கிறது. அந்த மாட்டலில் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தான ஜி, யு1ல் உள்ள ஒரு சியோடு மூன்று கொக்கியில் மாட்ட வேண்டும். எங்கள் துண்டில் அங்கே சி. சிக்கு எதிரே சி. கொக்கிக்கு எதிரே கொக்கி, வளையத்துக்கு எதிரே வளையம், வளையத்துக்கு எதிரே வளையம். மூன்றுமே மாட்டாது. போதாததற்கு ரெண்டும் சின்ன வடிவம், நடுவில் இடைவெளி வேறு.

மாட்டல் தளர்வதால் வெட்டும் இயந்திரம் தடுமாறி, பக்கத்தில் ஓரளவு அதே மாதிரி இருக்கிற வேறு இடங்களில் வெட்டிவிடுகிறது. சரியான நகல் மிகக் கொஞ்சமே கிடைக்கும். பீட்டா சங்கிலி குறையும். ஜோடி கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் குவிந்து, படிந்து, சிவப்பணுவை அது முழுசாக வளர்வதற்குள்ளேயே கொல்லும். ஒரு துண்டு சரியாக இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம், நானும் என் மனைவியும் அத்தையும் மாமாவும் சமாளித்த மாதிரி. ரெண்டும் இப்படி என்றால் ஆறு மாசத்திலிருந்து ரத்தம் ஏற்ற வேண்டும், மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் பூராவும்.

பன்னிரண்டாவது வாரம் பெங்களூரில் கருவின் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து துளி எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள். என்ன வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் பேசியிருந்தோம். பேசியது ஒரே ஒரு முறை, காரில், அத்திப்பள்ளி டோல்கேட் வரிசையில். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அந்தப் பத்து நாளில் வேலை ஓடவில்லை, அந்த முடிவை எப்படி எடுக்கிறார்கள் என்று படித்தேன். எங்களுக்குச் செய்தது சாங்கர் முறை, 1977ல் வந்தது. அதன் தந்திரம் முழுக்க ஒரே ஹைட்ராக்சிலில் இருக்கிறது. டி.என்.ஏ. இழை வளர வேண்டும் என்றால் கடைசிச் சர்க்கரையின் மூன்றாவது கார்பனில் ஹைட்ராக்சில் வேண்டும், அடுத்தது வந்து அங்கேதான் ஒட்டும். அந்த ஹைட்ராக்சில் இல்லாத எழுத்துகளைக் கொஞ்சம் கலந்து விட்டார் சாங்கர். அது போய் ஒட்டிய இடத்தில் இழை நின்றுவிடும். எந்தெந்த நீளத்தில் எந்த எழுத்தில் நின்றது என்று வரிசைப்படுத்தினால் முழு வாசகமும் கிடைக்கும். என் மொழியில் சொன்னால், ஒவ்வொரு வரியிலும் புரோகிராமை எக்ஸிட் செய்ய வைத்து, எங்கே நின்றது என்று பார்ப்பது.

இதற்கு அடுத்த படியைச் செய்தவர்களில் ஒருவர் நம்ம ஊரில் பிறந்தவர். சங்கர் பாலசுப்ரமணியன், 1966ல் சென்னையில் பிறந்தவர், மறுவருஷமே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. கேம்பிரிட்ஜில் வேதியியலாளர். 1997ல் அவரும் டேவிட் கிளெனர்மேனும் ஒரு பப்பில் பேசிப் பேசி வளர்த்த யோசனை இது. ஹைட்ராக்சிலை நீக்க வேண்டாம், அதன் மேல் ஒரு மூடி போடுவோம். அசைடோமெத்தில் என்ற சின்ன மூடி. ஒரு எழுத்து ஒட்டும், மூடி இருப்பதால் அடுத்தது ஒட்டாது, இழை நிற்கும். எழுத்தில் கட்டியிருக்கிற நிறத்தைப் போட்டோ எடுத்துக்கொள். பிறகு பாஸ்பீன் ஊற்றினால் மூடியும் நிறமும் கழன்றுவிடும், ஹைட்ராக்சில் திரும்பி வரும், அடுத்த எழுத்து. சாங்கருடையது எக்ஸிட், இது பிரேக்பாயிண்ட். நிறுத்து, பார், தொடர். இதைக் கண்ணாடித் தட்டில் கோடிக்கணக்கான துண்டுகளுக்கு ஒரே நேரத்தில் செய்யலாம். 1998ல் சொலெக்ஸா என்ற கம்பெனி, 2007ல் அதை இல்லுமினா வாங்கியது. இன்று உலகத்தில் படிக்கப்படும் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி இந்த மூடியைப் போட்டுக் கழற்றித்தான் படிக்கப்படுகிறது. அவருக்கு 2017ல் சர் பட்டம் கிடைத்தது எல்லாம் செய்தியில் வந்தது. அந்த மூடியைப் பற்றி எந்தச் செய்தியிலும் ஒரு வரி இல்லை, எனக்கு அதுதான் ஆறவில்லை.

பதினோராவது நாள் மெயில் வந்தது. ரிப்போர்ட்டைத் திறக்காமல் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து, மூலக் கோப்பு கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண், “ரிப்போர்ட்லயே முடிவு இருக்கு சார்” என்றார். இருக்கிறது, தெரியும். எனக்கு லாக் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. அரை மணியில் மூன்று கோப்புகளும் அனுப்பினார், என்னுடையது, மனைவியுடையது, குழந்தையுடையது. அவை வரைபடங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிற மலை: ஏ பச்சை, டி சிவப்பு, ஜி கருப்பு, சி நீலம். முதலில் என்னுடையதைத் திறந்து அந்த ஐந்தாவது இடத்துக்குப் போனேன். ஒரே இடத்தில் ரெண்டு மலை, பாதி உயரத்தில், ஒன்றின் மேல் ஒன்று. கருப்பும் நீலமும். மனைவியுடையதிலும் அப்படியே. மூன்றாவதில் நீலம் மட்டும் இருந்தால் முடிந்தது. அதைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று தெரியாது. மனைவி என் கையைத் தள்ளிவிட்டு அவளே கிளிக் செய்தாள்.

கருப்பும் நீலமும்.

அவள் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அந்தக் குட்டி மலைகளைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலில் ஒன்று என்பது நாலில் ஒன்றுதான், நாங்கள் எதுவும் சரியாகச் செய்ததால் கிடைத்தது அல்ல. அதே வாரம் அதே வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்த சேலத்துத் தம்பதிக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. நம்பர் வாங்கி வைத்திருந்தும் கூப்பிடவில்லை.

அத்தையிடம் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பர்கூர் போனோம். மாமா மண்டியில் இருந்தார். அத்தை கட்டைப் பிரித்துக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மடியில் இருந்த ஜாக்கெட்டைக் காட்டி, “இது ரெண்டு பக்கமும் கொக்கியா வெச்சுட்டா என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“என்னாத்துக்கு ரெண்டு பக்கமும் வெப்பாங்க? மாட்டாதே.”

“ஒருவேளை வெச்சுட்டா?”

“பிரிச்சுட்டு மறுபடி வெக்கணும். இதென்ன கேள்வி தம்பி?”

சொன்னேன். எங்கள் எல்லோர் உடம்பிலும் ஒரு இடத்தில் அப்படித் தப்பாக ஒன்று வந்திருக்கிறது, ஆளுக்கு ரெண்டு துணி உண்டு, ஒன்று தப்பானாலும் இன்னொன்றை வைத்து ஓட்டிக்கொள்ளலாம், ரெண்டுமே தப்பாக வந்தால் ரத்தம் நிற்காது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அண்ணனுக்கு ரெண்டும் வந்துவிட்டது. “அண்ணன்” என்றபோது ஊசி நின்றது. டிவியை அவரே அணைத்தார்.

“மாமாகிட்டருந்தும் போச்சா?”

“ஆமா. ஒண்ணு மாமா, ஒண்ணு நீங்க. ரெண்டு பேருக்கும் பாட்டி வழியாவோ தாத்தா வழியாவோ வந்தது.”

“பாட்டிகிட்டருந்தா?”

“இருக்கலாம். தாத்தாவாவும் இருக்கலாம்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப மண்ணு?” என்றார்.

மண்ணால் ரத்தம் போகவில்லை என்றேன். சோகை இருக்கிறவர்களுக்கு மண், சாம்பல், பல்பம் தின்ன வேண்டும்போல் வருவது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். ரத்தம் கம்மியாக இருந்ததால் மண் கேட்டிருக்கும், மண் தின்றதால் கம்மியாகவில்லை. இதை நான் ரொம்பத் தெளிவாகச் சொன்னதாக ஞாபகம். அத்தை கேட்டாரா என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோ இருந்த இடத்தில் இப்போது காலண்டர். என் மனைவி கர்ப்பமானது தெரிந்ததும் அவரேதான் கழற்றிப் பீரோவில் வைத்திருந்தார்.

“முப்பது வருஷம்” என்றார். அப்புறம் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். “இது என்னா படம்?”

“உங்க பேத்தியோ பேரனோ. இந்த இடம் பாருங்க, ரெண்டு கலர் இருக்குல்ல, கருப்பு நல்லது, நீலம் அந்தத் தப்பு. ஒண்ணுதான் தப்பு. ஒண்ணும் ஆகாது.”

விரலால் நீலத்தைத் தொட்டார். ஸ்கிரீனில் எண்ணெய்த் தடம் பதிந்தது. “இது யாரு குடுத்தது? நீயா, அவளா?”

“அத இத வெச்சு சொல்ல முடியாது அத்த.”

“சொல்லவே முடியாதா?”

“இதுல முடியாது.”

“அப்ப சொல்லாத” என்றார். ஊசியைத் தேடி எடுத்து, நூல் கோர்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். கோர்த்துக் கொடுத்தேன். ரெண்டு ஜாக்கெட் முடிகிற வரை பக்கத்திலேயே இருந்தேன். பிறகு கட்டை எண்ணிக் கட்டி, பதினாறு இருக்கிறது, கடையில் கொடுத்துவிட்டு வரும்போது கருப்பு நூல் ரெண்டு உருண்டை வாங்கி வா என்றார். நான் செருப்பு மாட்டும்போது உள்ளே பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது.